திருமூர்த்தியின் சுத்தக் குழாய்

பேருந்தில் ஏறியதும் மற்றவர்கள் ஜன்னலோர இருக்கையைத் தேடுவார்கள். திருமூர்த்தி ஜன்னலைக் கண்டால் ஒதுங்குவார். காற்று அடித்தால் இடுப்பு குளிரும். இடுப்பு குளிர்ந்தால் அன்றைய பாடெல்லாம் வீண். பெரியநாயக்கன்பாளையத்தில் ஏறினால் காந்திபுரம் வரும்வரை கூட்டத்தின் நட்டநடுவில், ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் தன் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நிற்பார். "முன்னால போங்க சார், அத்தனை எடங் கெடக்குதல்லங்க" என்று நடத்துனர் அதட்டினால், "இருக்கட்டுங்க. இங்கதான் கதகதன்னு இருக்குதுங்க" என்பார். சித்திரை வெயிலில் கதகதப்புத் தேடும் இந்த மனிதரை அந்த வழித்தட நடத்துனர்கள் எல்லோருக்கும் தெரியும். பித்தம் தலைக்கேறிய ஆள் என்று முடிவுகட்டி விட்டுவிட்டார்கள்.

சட்டைக்குள் அவர் கட்டியிருப்பது பச்சை பெல்ட். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள் பணத்தைச் செருகி இடுப்பில் இறுக்குவார்களே, அதே அகலப் பெல்ட். அதன் பைகளுக்குள் அவர் மனைவி சாந்தாமணி பழைய வேட்டித் துணியை மெத்தென்று மடித்து வைத்துத் தைத்திருக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று துவைத்துத் துவைத்து மிருதுவாக்கிய துணி. வேறு உபயோகமில்லாமல் பெட்டியில் கிடந்தது. அந்தப் பைகளில் விரல் தடிமனில் திருகுமூடிக் கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன. குழாய்க்குள் கலங்கிய கஞ்சி மாதிரி ஒரு திரவம், திரவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மனித உடம்பின் சூடு குறைந்தால் சோர்ந்து செத்துப்போகிற சவலைகள்.

ஒரு தடவை ஜேப்படிக்காரன் ஒருவன் இவரை மாட்டு வியாபாரி என்று நம்பி, பிளேடால் பெல்ட்டைக் கீறி இரண்டு குழாய்களை உருவிக்கொண்டு கவுண்டம்பாளையத்தில் குதித்துவிட்டான். திருமூர்த்தி பின்னாலேயே குதித்து ஓடினார். "ஏனுங்க, நில்லுங்க! அது பணமில்லீங்க, சீக்குங்க! மூடியைத் தொறந்துபோடாதீங்க சாமி!" திருடனையும் 'ங்க' போட்டுத் துரத்தியவர் கோவை ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஆள் அகப்படவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. குழாய் போன கவலை பாதி, அந்தத் திருடனுக்கு வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருப்பார்களே என்ற கவலை பாதி.

கோவையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் திருமூர்த்தி டெக்னீசியன். அங்கேயே பகுதிநேரமாக டாக்டர் பட்டத்துக்கும் பதிந்திருக்கிறார். பதிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. கூடப் பதிந்தவர்கள் பட்டம் வாங்கி, வெளிநாடு போய், திரும்பி வந்து பீளமேட்டில் வீடும் கட்டிவிட்டார்கள். இவர் இன்னும் துடியலூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வியாழக்கிழமைதோறும் பெரியநாயக்கன்பாளையம் போய்வருகிறார். அங்கே டாக்டர் சாயிரா பானு பெண்களுக்கென்று நடத்தும் சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. பஞ்சாலைக்குப் போகிற பெண்கள், லேத் பட்டறைக்காரர்களின் மனைவிமார், காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரப் பெண்கள் எல்லாம் அங்கே வருவார்கள். இடுப்பில் அவர் கட்டிக்கொண்டு போவது அந்தப் பெண்களிடமிருந்து எடுத்த சாம்பிள்கள்தான்.

அந்த உயிருக்கு ட்ரைகோமோனாஸ் என்று பெயர். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் படுக்கை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி. பெண்ணுக்கு வெள்ளைப்படும், எரியும், அரிக்கும். ஆணுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சட்டைப் பையில் யாரோ போட்ட செல்லாக்காசு மாதிரி, இருப்பது தெரியாமலே கொண்டு திரிவான். உருப்பெருக்கியில் பார்த்தால் எலுமிச்சை விதைக்கு மீசை முளைத்த மாதிரி இருக்கும். வாணலியில் விழுந்த கடுகாட்டம் துள்ளும். திருமூர்த்தி அதைப் பார்க்கும்போது முகத்தில் ஒரு குறுஞ்சிரிப்பு வரும். "பாருங்க, பாருங்க, எப்படிக் குதிக்கிறான்னு" என்று பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்லுவார்.

இதில் அவரை இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்த கேள்வி ஒன்றே ஒன்று. ஒரே ஒட்டுண்ணிதான், ஒரு பெண்ணுக்கு அரிப்போடு போய்விடுகிறது, இன்னொருத்திக்கு உள்ளே புண்ணாக்கி, கருவைச் சுமந்திருந்தால் மாதம் நிறைவதற்கு முன்னாலேயே வெளியே தள்ளிவிடுகிறது. ஏன்? சாது ரகம், முரட்டு ரகம் என்று இரண்டு இருந்தாக வேண்டும், அந்த முரட்டுத்தனம் அதன் டி.என்.ஏ.வில் எழுதியிருந்தாக வேண்டும் என்பது அவர் எண்ணம். டி.என்.ஏ.வை இயந்திரத்தில் பெருக்கி, ஜெல்லில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சி, புற ஊதா விளக்கின்மேல் வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் கோடு கோடாக ஒளிரும். ஒவ்வொரு பெண்ணின் சாம்பிளுக்கும் கோடுகளின் வரிசை வேறு, ஆளுக்கு ஆள் கைரேகை வேறாக இருப்பதைப் போல. ஆனால் முரட்டு ரகங்களில் எல்லாம் ஒரே இடத்தில் தடித்த கோடு ஒன்று விழுவதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். குறைமாதத்தில் பிள்ளை இழந்த பெண்களின் சாம்பிள்களில் அந்தக் கோடு அநேகமாகத் தவறுவதில்லை. அது மெய்யென்று நிலைநாட்டிவிட்டால் கர்ப்பிணிகளை முன்கூட்டியே சோதித்துப் பார்த்து, மாத்திரை கொடுத்து, பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம்.

பட்டத்துக்காக மட்டும் இந்தப் பாடு படவில்லை அவர். சாந்தாமணிக்கு இரண்டு பிரசவமும் ஏழாம் மாதத்திலேயே ஆகிப்போனது. முதலில் ஒரு பெண், பிறகு ஒரு பையன். உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம். இரண்டுமே மறுநாள் விடிவதைப் பார்க்கவில்லை. டாக்டர்கள் காரணம் தெரியவில்லை என்று கையை விரித்தார்கள். சொந்தபந்தம் காரணத்தைச் சொல்லிவிட்டது: "அவளுக்குச் சூட்டு ஒடம்புங்க. அந்தச் சூடு குழந்தையைத் தங்க உடுறதில்ல." அன்றிலிருந்து சாந்தாமணி சூட்டைத் தணிப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டாள். வெந்தயம், இளநீர், கற்றாழைச் சோறு, உச்சியில் விளக்கெண்ணெய். கோழிக்கறி வாசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால்கூடக் கதவைச் சாத்துவாள். மூன்றாவதாக ஒன்று உண்டாகவே இல்லை. அதையும் அவள் சூட்டின் கணக்கில்தான் எழுதினாள்.

வியாழக்கிழமைகளில் சாயிரா பானு பெண்களைப் பார்ப்பார். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் கணவன்மாரைப் பார்ப்பது திருமூர்த்தியின் வேலை. மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுத்துப் பயனில்லை, கணவனும் விழுங்கினால்தான் சீக்கு ஒழியும். இதைக் கணவனிடம் எப்படிச் சொல்வது? 'உனக்கும் இருக்கிறது' என்றால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும், இருவரில் யார் என்ற பேச்சு எழும், வீடு இரண்டுபடும். திருமூர்த்தி இங்கிதம் தெரிந்தவர். ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரம்மாவுக்குச் சூடு சாஸ்தியா இருக்குதுங்க. ஒரே ஊட்ல பொழங்கறமல்லங்க, உங்களுக்கும் இருக்குமாட்ட இருக்குது. இந்தச் சூட்டு மாத்திரையை ரெண்டு பேருமே போட்டுக்கங்க."

"சூட்டு மாத்திரைங்களா? செரிங்க செரிங்க" என்று முகம் மலர்ந்து வாங்கிக்கொள்வார்கள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. திருமூர்த்திக்கு இந்த ஏற்பாட்டில் உள்ளூரப் பெருமையே உண்டு.

ஏற்பாடு எங்கே சறுக்கியது என்றால், காரமடைக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம் வைத்திருந்த பாலுசாமியிடம். அவர் மனைவி சென்னியம்மாளுக்குக் குறைமாதத்தில் ஒரு பிள்ளை போயிருந்தது. சாம்பிளில் தடித்த கோடு அப்பட்டமாக விழுந்தது. மாத்திரை கொடுத்தாயிற்று. சில மாதம் கழித்து அந்த அம்மாள் மறுபடியும் வந்து நின்றாள், அதே எரிச்சல், சாம்பிளில் அதே கோடு. திருமூர்த்தி பாலுசாமியைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"மாத்திரை போட்டீங்களா இல்லீங்களா?"

"எங்கீங்க! நீங்க குடுத்த அன்னைக்கே நல்ல மழைங்க. ஒடம்பு தானாக் குளுந்துபோச்சு. குளுந்த ஒடம்புக்குச் சூட்டு மாத்திரை எதுக்குன்னு வாழைக்குழியில போட்டுப்போட்டேன்."

சாயிரா பானு கோட்டைமேட்டுக்காரர், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. அன்றைக்குத் திருமூர்த்தியை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். "இது படுக்கைல பரவுற சீக்கு, ரெண்டு பேருக்கும் இருக்கு, ரெண்டு பேரும் போடணும்னு நேராச் சொல்லித் தொலைங்களேன். நீங்க மரியாத பாக்கற பாட்டுக்கு அந்தப் பொம்பள இன்னொரு புள்ளையத் தோக்கணுமா?"

"எப்படிங்க மேடம் வாய்ல வரும்? குடும்பம் நடத்தறவங்க..."

"சரி, அது கெடக்கட்டும். உங்க சாந்தாமணிய ஒருக்காக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு? ரெண்டு குறைமாசம்ங்கறீங்க. ஒரு சாம்பிள் பாத்துரலாமே."

திருமூர்த்தி சிரித்தார். கோபப்படத் தெரியாதவர் சிரிக்கும் சிரிப்பு. "அவளுக்கு இதெல்லாம் இல்லீங்க மேடம். நம்மூடு அப்படிப்பட்ட ஊடு இல்லீங்க. அவளுக்கு வெறும் சூட்டு ஒடம்புங்க."

டி.என்.ஏ. கோடுகளைக் கண்மூடிக்கொண்டு வரைந்து காட்டக்கூடியவர் சொன்ன பதில் இது. கல்லூரியில் ஒரு மூளையும் துடியலூரில் இன்னொரு மூளையுமாக மனிதர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான், கோபித்துப் பயனில்லை. ஆனாலும் இதை எழுதும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

இனிச் சுத்தக் குழாய். பெண்களின் சாம்பிள்களை வளர்க்கும்போது, கூடவே நோயில்லாத ஓர் ஆணின் சிறுநீரையும் அதே திரவத்தில் விட்டு வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் நஞ்சுண்டன் வைத்த விதி. அதில் ஒன்றும் வளரக் கூடாது. வளர்ந்தால், கையோ திரவமோ எங்கோ அசுத்தமாகி, ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தியிருக்கிறது என்று பொருள். அந்த வாரத்துச் சாம்பிள் எதையும் நம்ப முடியாது, மொத்தத்தையும் கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டியதுதான். "ஆராச்சும் நல்ல ஆளாப் பாத்து வாங்கிக்கங்க" என்று நஞ்சுண்டன் சொல்லியிருந்தார். ஆனால் இன்னொரு ஆண்பிள்ளையிடம் போய்ச் சிறுநீர் கொடுங்கள் என்று திருமூர்த்தி எப்படிக் கேட்பார்? ஆளைப் பார்த்ததும் "சௌக்கியங்களா" என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். கடைசியில் யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று தன்னுடையதையே வைத்துக்கொண்டார். சூடும் என்னுது, சாம்பிளும் என்னுது என்று அவருக்குள் ஒரு திருப்தி. இதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

சுத்தக் குழாய் மாதக்கணக்கில் தெளிவாக இருக்கும். பிறகு ஒரு வாரம் திடீரென்று கலங்கி, உள்ளே கடுகு துள்ளும். திருமூர்த்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். "அட கெரகமே, எங்கயோ சிந்திப்போட்டனே!" எத்தனையோ பெண்கள் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கொடுத்த சாம்பிள்கள் சாக்கடைக்குப் போகும். அவர்களை மறுபடி வரச் சொல்ல வேண்டும், பாதிப் பேர் வரமாட்டார்கள். அதன் பிறகு அவர் கை கழுவ ஆரம்பித்தார். கழுவினார், கழுவினார், விரலிடுக்கில் தோல் உரிகிற வரை கழுவினார். சோப்பு, டெட்டால், ஸ்பிரிட். ஆய்வகத்தில் அவருக்கு 'டெட்டால் சார்' என்று பெயர் விழுந்தது. பேருந்தில் பக்கத்தில் நிற்பவர்கள் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போனால் சாந்தாமணி அந்தக் கைகளில் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். "இத்தனை சுத்தம் பாத்தும் எப்படிங்க கெட்டுப்போகுது?" என்று அவளும் சேர்ந்து வருத்தப்படுவாள். உருப்படியாக முடிந்திருக்க வேண்டிய ஆராய்ச்சி இழுத்துக்கொண்டே போனது இதனால்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மார்கழியில் சுத்தக் குழாய் மறுபடியும் கலங்கியது. இந்த முறை கொட்டவேண்டாம் என்றார் நஞ்சுண்டன்.

"அதையும் ஜெல்லுல ஓட்டிப் பாருங்க திருமூர்த்தி. எந்தப் பொம்பளையோட கோட்டோட ஒத்துப்போகுதோ, அந்தக் குழாய்ல இருந்துதான் சிந்தியிருக்குது. களவாணி ஆருன்னு தெரிஞ்சு போகுமல்லங்க."

இத்தனை வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று திருமூர்த்திக்குத் தன்மேலேயே எரிச்சல். அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தார், சீட்டியடிக்காத குறை. அந்த வாரத்துப் பெண்களின் சாம்பிள்களை வரிசையாகவும் சுத்தக் குழாயைக் கடைசியிலும் ஊற்றினார். போன வருஷம் கெட்டுப்போன ஒரு சுத்தக் குழாயின் டி.என்.ஏ. உறைபெட்டி மூலையில் பனி மூடிக் கிடந்தது. இருக்கட்டுமே என்று அதையும் பக்கத்தில் ஊற்றினார். மின்சாரம் நிற்கக் கூடாதே என்று சித்தாபுதூர் ஐயப்பனுக்கு வேண்டிக்கொண்டார். மின்சாரமும் நிற்கவில்லை.

பிற்பகலில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விளக்குப் பெட்டியின்மேல் ஜெல்லை வைத்தார். கோடுகள் ஒளிர்ந்தன. சுத்தக் குழாயின் வரிசையை முதல் பெண்ணோடு ஒப்பிட்டார். ஒத்துப்போகவில்லை. அடுத்தவளோடும் இல்லை. ஒருத்தியோடும் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்த போன வருஷத்துக் குழாயோடு அச்சில் வார்த்தது போல ஒத்துப்போனது, கோட்டுக்குக் கோடு. எந்தப் பெண்ணிடமிருந்தும் சிந்தவில்லை. கை அசுத்தமில்லை. போன வருஷமும் இந்த வருஷமும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது. இரண்டிலும், அவர் வருஷக்கணக்காகத் தேடித் தேடி அடையாளம் வைத்திருந்த அதே இடத்தில், தடித்த கோடு.

நஞ்சுண்டன் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குரலில் ஒரு துள்ளல் வந்தது.

"இது சிந்தல் இல்லீங்க திருமூர்த்தி. நீங்க நல்ல ஆளுன்னு வெச்சிருந்தவருக்கே இருக்குது. அதுவும் முரட்டு ரகம். ஆருங்க அவரு?"

"ஆரோ ஒருத்தருங்க சார். தெரிஞ்சவரு."

"அவருகிட்டச் சொல்லிப்போடுங்க, ஊட்ல பொம்பளை இருப்பாங்க. அப்படியே அந்தம்மாவுக்குக் கொறைமாசம் ஏதாச்சும் ஆச்சான்னு நைசாக் கேட்டுட்டு வாங்க. ஆயிருந்தா நம்ம கோட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கெடைக்காது பாத்துக்கங்க."

"கேட்டுப்போட்டு வாரனுங்க சார்" என்றார் திருமூர்த்தி.

நஞ்சுண்டன் போன பிறகும் திருமூர்த்தி விளக்குப் பெட்டியின் முன்னால் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சாந்தாமணியைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு கணமும் தோன்றவில்லை, அந்த மட்டில் மனிதர் யோக்கியர். எங்கிருந்து வந்தது என்பது நன்றாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு கூட்டாளிகள் இழுத்துக்கொண்டு போன ஒரு வீடு. மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு அதை மறந்தே போனார். உடம்பு ஒரு நாளும் ஞாபகப்படுத்தவில்லை. ஆணின் சிறுநீரில் அது எப்போதாவதுதான் இறங்கும், குழாய் மாதக்கணக்கில் தெளிவாக இருந்தது அதனால்தான். வேப்பமரத்தடியில் கணவன்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் 'இவர்களுக்கு இருப்பதே தெரியாதே, பாவம்' என்று நினைத்துக்கொள்வாரே, அந்தப் பாவப்பட்ட கூட்டத்தில் ஒருவராக அவரும்தான் நின்றிருக்கிறார். அவரிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து திரும்ப அவருக்கு என்று இத்தனை வருஷமும் அது போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தப் பெண் குழந்தையின் முகம் ஞாபகம் வந்தது. பிறகு பையன். காரணம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதானே இதில் இறங்கினார், தெரிந்துவிட்டது. மூக்குவழியாக ஒரு சத்தம் வந்ததே தவிர அழுகை வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாயிரா பானுவிடம் போய், "ஒரு ஜோடிக்கு மாத்திரை வேணுங்க மேடம்" என்றார். சாயிரா பானு எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்க வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. பொட்டலம் கட்டிக் கையில் வைத்தார். "இந்த ஒரு ஜோடிகிட்டயாச்சும் நேராச் சொல்லுங்க திருமூர்த்தி" என்று மட்டும் சொன்னார். அன்று திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. பெல்ட் நிறையச் சாம்பிள்களோடு அவர் போய் அதில் உட்கார்ந்தார். துடியலூரைத் தாண்டி, கவுண்டம்பாளையத்தைத் தாண்டி, மார்கழிக் காற்று முகத்திலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டே வந்தது. சட்டைப் பொத்தானைக்கூடப் போடவில்லை. குழாய்களில் இருந்தவை மறுநாள் ஒன்றும் பிழைக்கவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே இருந்தார். 'சாந்தா, உன்ற ஒடம்புல சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் என்னாலதான். எனக்கிருந்த சீக்குதான் உனக்கு வந்து நம்ம ரெண்டு கொழந்தைகளையும் கொண்டுபோச்சு.' சின்ன வாக்கியம்தான். நடக்கும்போது, கை கழுவும்போது, பல் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தார். தனியாக இருக்கையில் நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை காலை. சாந்தாமணி அவருக்குத் தண்ணி வார்க்க அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டு உள்ளே வந்தாள். திருமூர்த்தி சாப்பாட்டு மேசையில் பொட்டலத்தைப் பிரித்து, மாத்திரைகளை இரண்டு பங்காக வைத்திருந்தார்.

"ஏனுங்க, இது என்ன மாத்திரைங்க?"

திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். தலையில் துண்டு கட்டியிருந்தாள், முகத்தில் அடுப்புக் கரி. முப்பத்தைந்தைத் தாண்டிய முகத்தில் அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. அவர் ஆராய்ச்சி முடிந்தால் தனக்கும் ஏதாவது மருந்து கிடைக்கும் என்று அவள் யாரிடமோ சொன்னது அவர் காதுக்கு வந்திருந்தது. வாக்கியத்தின் முதல் சொல்லை எடுத்தார். "சாந்தா..."

"சொல்லுங்க."

"சூட்டுக்கு, அம்மணி" என்றார்.

அவள் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. சூட்டுக்கென்று யார் எதைக் கொடுத்தாலும் விழுங்கிப் பழகியவள். தன் பங்கை வாயில் போட்டு, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். பிறகு இன்னொரு பங்கைப் பார்த்தாள்.

"இது ஆருக்குங்க?"

"எனக்கு. எனக்கும் சூடுன்னு சொன்னாங்க."

சாந்தாமணியின் முகம் வாடிவிட்டது. கையிலிருந்த செம்பை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"என்ற சூடு உங்களையும் புடிச்சுப்போட்டதாட்ட இருக்குதுங்க. எல்லாம் என்னாலதான்" என்றாள்.

திருமூர்த்தி மாத்திரைகளை விழுங்கினார். அவள் சமையல்கட்டுக்குள் போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எதிரே நின்று, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, அவருடைய உச்சந்தலையில் வைத்துத் தட்டித் தட்டி இறக்கினாள். வழக்கமாகத் தனக்கு வைத்துக்கொள்ளும் அதே எண்ணெய், அதே பக்குவம்.

"இன்னுஞ் சித்தக் குனிங்க. நல்லா உள்ள எறங்கட்டும்."

திருமூர்த்தி குனிந்தார். நெற்றி அவள் வயிற்றில் போய் முட்டும் வரை குனிந்தார். எண்ணெய் காதோரம் வழிந்து கழுத்தில் இறங்க, அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.